‘செட்டில் ஆயிட்டியா?’ என்று கேட்பவர்களுக்கு

காலேஜ் முதல் வருஷம் சேர்ந்த பிள்ளை தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். “இன்னாபா, அங்க செட்டில் ஆயிட்டியா?” டீக்கடையில் கேட்பார்கள், தண்ணி டேங்க் அடியில் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் கேட்பார். இந்த வருஷம் அமிர்திப் பக்கத்துக் காலனி ஒன்றில் ஒரு தம்பி இந்தக் கேள்விக்குப் பயந்து, விடிவதற்கு முன்னாலேயே வந்து இறங்கி, பின்பக்கமாக வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். இசைக் கல்லூரி ஒன்றில் மிருதங்கம் முதலாமாண்டு படிக்கிறவன். அவன் அம்மாதான் எனக்குப் போன் செய்தார். “லீவுக்கு வர்றவன் பாய், தலகாணி எல்லாம் மூட்ட கட்டிக்கினு வருவானாமா? கேட்டா வாயத் தொறக்க மாட்றான்.”

போனேன். இரண்டு நாள் போனேன். இரண்டாவது நாள் சாயங்காலம்தான் பேசினான். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்றான். “எக்ஸாம் இருக்குக்கா.” இந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் வருகிறேன்.

அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். முட்டி போன பிறகு வீட்டோடு இருக்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். தாய்மாமன் தெருக்கூத்து செட்டில் மிருதங்கம். எங்கள் பக்கத்துக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் சேராமல் கட்டியங்காரன் வாயே திறக்கமாட்டான். ராத்திரி தொடங்கி விடிய விடிய வாசிக்கிற வாசிப்பு அது. சென்னை சபாவில் தனியாவர்த்தனத்துக்கு இருபது நிமிஷம் கொடுப்பதே பெரிது, அதிலும் பாதிப் பேர் கேண்டீனுக்குப் போய்விடுவார்கள் என்பது வேறு கதை. இவன் மூன்றாவது படிக்கும்போதே மாமன் மடியில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் வாசித்தவன். ஐ.டி.ஐ. போ, நர்சிங் போ என்று எல்லாரும் சொன்னபோது மிருதங்கம்தான் படிப்பேன் என்று நின்றவன்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அப்பா, ஒருவருக்குப் பெரியப்பா, இன்னொருவர் ஆறு வயதிலிருந்து ஒரு வித்வானிடம். இவன் முறை வந்தது. “மாமாகிட்ட சார்.” “மாமா யாரு?” “கூத்துல வாசிப்பாரு சார்.” “ஓ... அந்தக் கை முதல்ல போகணும்.”

கர்நாடக வாசிப்புக்கென்று ஒரு விரல் வைப்பு இருக்கிறது. அதைப் படிக்கப் போனவன் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அடுத்து நடந்ததில். தா தீ தொம் நம் தொடங்கி அடிப்படைப் பாடம் முழுவதையும் இரண்டு வகுப்பில் முடித்துவிட்டார்கள், “இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்ல?” என்ற ஒரே கேள்வியோடு. தெரியாது என்று கை தூக்க வேண்டியவர்கள் வகுப்பில் இரண்டே பேர். இரண்டு பேரும் தூக்கவில்லை.

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது பியர் பூர்தியு சொன்ன ‘பண்பாட்டு மூலதனம்’ பற்றி ஏழு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த ஏழு பக்கமும் இந்தத் “தெரியும்ல?” என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வீட்டில் பத்து வருஷம் ஓடிய பாடத்துக்குக் கல்லூரி வைக்கும் பெயர் ‘ஞானம்’. இன்னொரு வீட்டில் பத்து வருஷம் ஓடிய பாடத்துக்கு வைக்கும் பெயர் ‘போகவேண்டிய கை’. இரண்டு பிள்ளைகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்காருகிறார்கள், ஒரே கட்டணம், ஒரே பாடத்திட்டம். ஆகவே சமத்துவமாம்.

விடுதியில் வாசித்துப் பழக இடம் இல்லை. அறையில் வாசித்தால் மற்றவர்கள் படிக்க முடியாது, அது நியாயம்தான். மொட்டை மாடிக்குப் போனால் “ராத்திரியில மோளம் அடிக்காதே” என்று கீழிருந்து குரல் வரும். தொடையில் தட்டிப் பழகியிருக்கிறான். மாமனின் பழைய கூத்து மிருதங்கத்தைத்தான் எடுத்துப் போயிருந்தான். சுருதி சேராது, வேறு வாங்கு என்றார்களாம். நல்ல மிருதங்கம் ஒன்றின் விலை அவன் அம்மாவின் சில மாதச் சம்பளம். அதோடு முடியாது, தோல் தளர்ந்தால் மறுபடி மூட்டு அடிக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். எங்கள் பிள்ளைகள் தாங்குவார்கள். மூட்டை கட்டவைத்தது வேறொன்று.

ஐப்பசி மழை. காலை வகுப்பு. ஆசிரியர் கல்லும் கட்டையும் வைத்து வலந்தலையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், சுருதி நிற்கவில்லை. பத்து நிமிஷம் ஆகிறது. இவன் வாய் சும்மா இருக்கவில்லை. “சார், தோலு ஈரம் குடிச்சிருக்கு. இப்ப தட்டினா இன்னும் தளரும். கொஞ்சம் சூட்டுல காட்டி எடுத்துட்டுத் தட்டலாம் சார்.” ஆசிரியர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “சரிதான். தோலப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்.”

வகுப்பு சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள் தோழர்களே. வசைச்சொல் இல்லை, சாதிப் பெயர் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் ஆய்வாளர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். ‘உனக்கு’ என்று சொல்லியிருந்தால் அது அந்தப் பையனின் அறிவைப் பற்றிய பாராட்டு. அதுவரை அவனை ‘நீ’ என்றே கூப்பிட்டுவந்தவர் அன்றைக்கு மட்டும் ‘உங்களுக்கு’ என்றார். தமிழில் மரியாதைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் என்பது எவ்வளவு வசதி! மரியாதை போலவும் இருக்கும், ஒரு கூட்டத்தையே எழுப்பி நிறுத்தியது போலவும் இருக்கும். கேட்டால், மரியாதையாகத்தானே சொன்னேன் என்று முடித்துவிடலாம். அவன் அப்பா, தாத்தா, காலனி, தொட்டி நாற்றம் எல்லாம் அந்த ஒரு விகுதியில் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தன. அன்றிலிருந்து அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு காரணத்துக்காக. அவர் சொன்னது உண்மை. தோலைப் பற்றி நமக்குத்தான் தெரியும். அந்த உண்மை ஏன் சிரிப்பாக இருக்கிறது? ஏன் பாடமாக இல்லை?

மிருதங்கம் என்பது என்ன? பலாக்கட்டையைக் குடைந்த கூடு ஒன்று. மற்றது பெரும்பாலும் தோல். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. இரண்டு தலையையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோல். வலந்தலை நடுவே கறுப்பாகத் தெரிகிறதே, அந்தச் சோறு, கல்லைப் பொடித்துச் சாதத்தோடு பிசைந்து மெல்லிய படலமாக ஏற்றி, தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஏற்றுவது. எந்தப் படலத்தோடு நிறுத்தினால் நாதம் கூடும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது உள்ளவர் இசைக்கலைஞர் இல்லையாம், ‘ரிப்பேர்காரராம்’. ஷூவுக்குப் போகிற தோல் குரோம் போட்டுப் பதனிட்டது. மிருதங்கத்துக்கு அது ஆகாது, பதனிடாத பச்சைத்தோலைக் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். “குரோம் போட்ட தோலு ஊமைமா” என்றார் தம்பியின் அப்பா. நாலாம் வகுப்பு வரை படித்தவர். ஒலியியல் வகுப்பில் பாடம் எடுக்க வேண்டியவர்.

தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரும் அவர் வழி வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்த தலித் கிறிஸ்தவக் குடும்பம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் அந்தக் குடும்பத்துப் பர்லாந்து இருந்தார். மணி ஐயர் பெயர் தெரியாத மிருதங்க மாணவர் கிடையாது. பர்லாந்து பெயர் தெரிந்த மாணவர் எத்தனை பேர்? இந்த வரலாற்றை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று டி.எம். கிருஷ்ணா புத்தகமாக எழுதினார். 2020 பிப்ரவரியில் கலாக்ஷேத்ராவில் வெளியீடு நடக்க வேண்டியது. புத்தகத்தில் அரசியல் இருக்கிறது என்று சொல்லி, கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. பசுவின் தோல்மீது விரல் வைத்து வாசிக்கலாம், அது கலை. அந்தத் தோலை உரித்தவர் யார் என்று எழுதினால் மட்டும் அரசியல். புகழ்பெற்ற பிராமணப் பாடகர் எழுதியதற்கே இந்தக் கதி. மிருதங்கம் செய்கிறவரின் பேரன் எழுதியிருந்தால் மண்டபமே கிடைத்திருக்காது, ரத்து செய்யவும் ஒன்றும் இருந்திருக்காது.

தனியார் சபாக்களை விடுங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். ஏழு பிரிவுகள். வயலின் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது, இருநூறு வருஷத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. பறைக்கும் பம்பைக்கும் அந்த ஏழில் இடம் இல்லை. கலை பண்பாட்டுத் துறை இப்போது நாட்டுப்புறக் கலைகளுக்குப் பயிற்சி நடத்துகிறதே என்பார்கள். நடத்துகிறது, வரவேற்கிறேன். அது பகுதிநேரம். வயலினுக்கு முழுநேரம், பறைக்குப் பகுதிநேரம். 2025ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். குடியரசுத் தலைவர் மாளிகை வரை போன பறைக்கு மாவட்ட இசைப் பள்ளி வாசல் மட்டும் இன்னும் உயரமாக இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் எழுதியவள் ஆவேன். அதே கல்லூரி விழாவுக்கு அதே தம்பியைக் கூப்பிட்டு, “நீ பறை வாசிப்பே இல்ல? நம்ம ஃபங்ஷன்ல ஒரு அஞ்சு நிமிஷம் போடு, கலர்ஃபுல்லா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் பறை அடிக்கத் தெரியாது. அவன் வீட்டில் பறையே இல்லை. எங்கள் பக்கம் குடியரசுக் கட்சி வேகமாக இருந்த காலத்தில், இனிமேல் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பெரியவர்கள் பறையைத் தூக்கிப் போட்டார்கள். என் தாத்தா அதில் ஒருவர். அதற்காக மாசக்கணக்கில் வயல் வேலை இல்லாமல் கிடந்த கதையை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பிறகு 90களில் கே.ஏ. குணசேகரன், தியாப்பிலஸ் அப்பாவு போன்றவர்கள் நம் இசையை மேடைக்கும் தேவாலயத்துக்கும் கொண்டுபோனார்கள், பறை விடுதலைக் கருவியானது. தூக்கிப் போட்டதும் போராட்டம், திரும்ப எடுத்ததும் போராட்டம். இரண்டையும் நாம் முடிவுசெய்தோம். கல்லூரி விழாவுக்குக் கலர் சேர்க்க இன்னொருவர் நம் கையில் திணிப்பது மூன்றாவது வகை. மிருதங்க வகுப்பில் வாயை மூடவைத்துவிட்டு, விழா மேடையில் பறையைக் கொடுத்து ஆடச்சொல்வது, உன் இடம் இது என்று காட்டுவது தவிர வேறில்லை.

நம் ஆட்களும் சும்மா இல்லை. வேலூரில் ஒரு வாசிப்பு வட்டத்துக்கு அந்தத் தம்பியை அழைத்துப் போயிருந்தேன். பி.எச்.டி. படிக்கும் தோழர் ஒருவர் கேட்டார்: “ஏன் தோழர், அவங்க இசையைப் போய்ப் படிக்கிறீங்க? நம்ம கிட்ட இல்லாததா?” தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கல்லூரியில் கிடைத்த அதே குனிவு. அந்தத் தோழர் படிப்பது ஆங்கில இலக்கியம். அது யார் இலக்கியம் என்று நான் கேட்டேன், பதில் வரவில்லை. மிருதங்கம் ‘அவங்க’ இசை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் செபாஸ்டியனும் பர்லாந்தும் யார்? கூத்தில் விடிய விடிய வாசித்த மாமன் யார்? கட்டையைத் தவிர பாதி வாத்தியம் நம் வீட்டிலிருந்து போனது. விருந்தாளியாக அல்ல, பங்காளியாகத்தான் அவன் அங்கே போயிருக்கிறான். பங்காளிக்குச் செட்டில் ஆகிற வேலை கிடையாது, பங்கு கேட்கிற வேலைதான்.

‘இளையராஜா வரவில்லையா, திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது’ என்ற பேச்சு உடனே வரும். இளையராஜா எந்த இசைக் கல்லூரி வகுப்பறையிலிருந்து வந்தார்? சென்னையில் தன்ராஜ் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்து படித்தவர். நிறுவனத்துக்கு வெளியே ஒருவர் மலை ஏறியதை நிறுவனத்தின் நியாயத்துக்குச் சாட்சியாகக் காட்டுவது என்ன தர்க்கம்? அமெரிக்காவில் நீனா சிமோன் 1951ல் பியானோ படிக்க பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. தான் கறுப்பர் என்பதுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். 2003ல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால், அதே நிறுவனம் கௌரவப் பட்டம் கொடுத்தது. செத்தபிறகும் சாகப்போகும்போதும் மாலை போட நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாமாண்டு செப்டம்பரில் என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி.

இப்போது அந்த “எக்ஸாம் இருக்குக்கா.”

பிசிக்ஸ் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். அச்சில் ஒரு சாட்சி இருக்கிறது. இசையில் செய்முறைத் தேர்வுதான் பெரிது. ஓர் அறை, இரண்டு மூன்று காதுகள், பதினைந்து நிமிஷம். வாசித்து முடித்ததும் சத்தம் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது ஓர் எண் மட்டும். எதை மறுமதிப்பீடு செய்யச் சொல்வாய்? அக மதிப்பீடும் அதே ஆசிரியர் கையில். அதற்கு மேலே குரு பக்தி என்று ஒரு போர்வை. குருவின் மனம் கோணக்கூடாது என்பதை ஒழுக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் துறையில் புகார் எழுதுவது எப்படி? அதனால்தான் அந்தத் தம்பி பெயர் வேண்டாம் என்றான். பயந்தவன் என்று அவனை நினைக்காதீர்கள், கணக்குத் தெரிந்தவன்.

அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள் 1970களிலிருந்து திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தேர்வு நடத்த ஆரம்பித்தன. வாசிப்பவர் யாரென்று தெரியாது. பெண்கள் உள்ளே வருவது கூடியது. கறுப்பர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. திரை வரை வருவதற்கே இருபது வருஷப் பயிற்சி வேண்டும், அந்த இருபது வருஷத்தை எந்தத் திரையும் கொடுக்காது. ஆகவே திரை ஒன்றே போதும் என்று நான் சொல்லவரவில்லை. கேட்க வேண்டியது இதுதான். முதலில், செய்முறைத் தேர்வு முழுவதும் ஒலிப்பதிவு ஆக வேண்டும். ஒரு செல்போன் போதும், பட்ஜெட் வேண்டாம். மறுமதிப்பீடு கேட்டால் வேறு கல்லூரி ஆசிரியர் பதிவைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். முதல் பருவத்தில் வீட்டில் கற்காமல் வந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு, பழக ஓர் அறை, கல்லூரி வாத்தியத்தை விடுதிக்கு எடுத்துப்போக அனுமதி. மிருதங்கம் செய்பவரைச் சம்பளம் கொடுத்து வகுப்பில் ஆசிரியராக உட்காரவைத்து, வாத்தியம் செய்முறையை மதிப்பெண் உள்ள பாடமாக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2012 விதிப்படி கல்லூரியில் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் பெயர் என்ன என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். தம்பிக்கு அப்படி ஒருவர் உண்டு என்பதே தெரியாது.

முதலாமாண்டு படிக்கும் தம்பி தங்கைகளே, தெரியாது என்றால் கை தூக்குங்கள். கூசும், தெரியும். தூக்காவிட்டால் மூன்றாம் ஆண்டு வரை அந்த ஓட்டை பின்னாலேயே வரும். வகுப்பில் சொன்ன வார்த்தையைத் தேதி போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். நம்மைப் போல வந்த இன்னொருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள். தம்பி வகுப்பில் கை தூக்காத அந்த இன்னொருவர் யார் என்று தீபாவளி வரை அவனுக்கே தெரியாது. நான் கேட்டபிறகு போனில் பேசியிருக்கிறான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், பம்பை அடிக்கிற குடும்பம். இரண்டு பேரும் மூன்று மாசம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவன் அப்பாவிடம்தான் அதிக நேரம் ஆனது. “ஷூ கம்பெனில ஆள் எடுக்கறாங்கோ. அங்க மானம் போவாதுமா” என்றார். முட்டி போன மனிதர் அதைச் சொன்னபோது எனக்கு வாதாட வாய் வரவில்லை. கடைசியில் மாமன்தான் பேசினார். பேசினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய மிருதங்கத்தை எடுத்துவைத்து, புதுத்தோல் வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து வலந்தலை மூட்டி, சோறு போட்டுச் சுருதி ஏற்றினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தட்டிச் சொன்னான், இன்னும் ஒரு படலம், போதும், நிறுத்து என்று. இது யூடியூபில் கிடைக்கும் தம்பூராவோடு சேருகிறது, நானே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் வரை போய் பஸ் ஏற்றிவிட்டேன். செய்முறைத் தேர்வை ஒலிப்பதிவு செய்யக் கேட்டு முதல்வருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். இவனும் பம்பைக்காரப் பையனும் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவதாகப் போட்டது, அப்பாவிடம் மிருதங்கம் கற்று வந்த ஒரு பெண். மிருதங்கம் வாசிக்கிற பெண்ணுக்கும் அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. மனு கொடுத்துப் பதினொரு நாள் ஆகிறது. அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கச் சொன்னேன், வாங்கியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.